தெல்லெயின் புறங்கை

பார்த்த மாத்திரத்தில் ஒரு மனிதனை நம்பிவிடக் கூடாது என்பது தெல்லெயின் கொள்கை. இரண்டாம் முறை பார்த்தாலும் அப்படித்தான். ஜெல்லிமீன் ஏரிக்குப் போகும் படகுத்துறையில் அவனைக் காவலுக்குப் போட்டபோது கொரோர் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "சந்தேகப்படறதுக்குச் சம்பளம்னா அவன விட்டா வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்றாள் அவனுடைய அக்கா துராங்.

சுற்றுலாப் படகுகள் சுண்ணாம்புப் பாறைத் தீவின் மரத்துறையில் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி, கயிற்றைப் பிடித்தபடி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் சரிவில் இறங்கி, கொட்டாத ஜெல்லிமீன்களுக்கு நடுவில் போய் மிதப்பார்கள். மேடு ஏறுவதற்கு முன்னால் தெல்லெய் அவர்களுடைய பையைத் திறந்து பார்க்க வேண்டும். சட்டம் தடுத்த மருந்து கலந்த சன்ஸ்கிரீன் இருந்தால் எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். இல்லையென்றால் "போகலாம்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சீசாவின் முதுகில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். கொரிய எழுத்து, ருஷ்ய எழுத்தெல்லாம் தெல்லெய்க்கு எறும்பு வரிசை. ஆங்கிலமாக இருந்தாலும் அவன் நம்ப மாட்டான். முன்பக்கம் பச்சை ஆமை படம் போட்டு, பின்பக்கம் ஆமைக்கு ஆகாததையே எழுதியிருந்த சீசாக்கள் அவனிடம் சிக்கியிருக்கின்றன. தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு சீசாவில் வெயில் களிம்பை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் அவன் எழுத்தை விட்டுவிட்டுக் கையை நம்பினான்.

அன்றும் அப்படித்தான். ஒரு நெட்டையான பயணி குழந்தை படம் போட்ட சீசாவோடு வந்து நின்றார்.

"இது ஷாம்பு" என்றார்.

"ஏரியில தலைக்குக் குளிக்கப் போறீங்களா சார்?"

"இல்ல, ஹோட்டலுக்குப் போயி."

"அப்ப ஹோட்டல்ல வச்சிட்டு வந்திருக்கலாமே."

தெல்லெய் மூடியைத் திறந்தான். இடது புறங்கையில் பாக்களவு பிதுக்கினான். வலது கட்டைவிரலால் மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கையை வெயிலுக்கு நேராகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தான். துத்தநாகம் கலந்த களிம்பென்றால் தோலில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை நிற்கும். அதற்கு அனுமதி உண்டு. மற்றது தேய்க்கத் தேய்க்கத் தண்ணீராகி, தோலுக்குள் இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல மினுங்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை ஊர் ஏமாளி என்று சொல்லும். தெல்லெயின் துறையிலோ அதுதான் விதி. வெளுத்தது போகலாம், மறைந்தது பெட்டிக்கு.

களிம்பு மறைந்தது. தெல்லெய் புறங்கையை மூக்கருகில் கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தான். பயணி தீர்ப்புக்குக் காத்திருக்கிறவரைப் போல நின்றார். தெல்லெய் சீசாவைப் பெட்டியில் போட்டான். பிறகு துறையின் ஓரத்தில் குந்தி, முழங்கைவரை கடலுக்குள் விட்டு அலசினான். உடனே அடியிலிருந்து ஊசி போன்ற சின்ன மீன்கள் கூட்டமாக ஏறி வந்து அவனுடைய விரல்களைச் சுற்றின.

"உன் கையில அப்படி என்னடா வச்சிருக்க? நான் விட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றான் படகோட்டி ஓபாக், பாக்கை மென்றபடி.

"நம்பிக்கையான ஆளு யாருன்னு மீனுக்குத் தெரியும்."

"மீனுக்காவது ஒன்னப் பத்தித் தெரிஞ்சிருக்கே."

அலுவலகத்தில் கையுறை கொடுத்திருந்தார்கள். அது படகின் இருக்கைக்கு அடியில் உறை பிரிக்காமலே கிடந்தது. ரப்பர் போட்டால் களிம்பு இறங்குகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை என்பது தெல்லெயின் குறை. நாளெல்லாம் படகுகள் வந்துகொண்டே இருக்கும். படகுக்கு ஒரு பத்துப் பை. சாயங்காலம் அவனுடைய இடது முன்கை, பளபளப்பாகத் தேய்ந்த படிக்கட்டுப் போல இருக்கும்.

தெல்லெய் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மீன் சந்தையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன். அங்கே அவன் மீனின் கண்ணைப் பார்ப்பதற்கு முன் மீனவனின் கண்ணைப் பார்ப்பான். எபிலைக் கல்யாணம் செய்தபோதும் அப்படித்தான். அவள் சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களையும் ஜப்பான்காரர்களையும் பவளத்திட்டுக்கு மேல் மிதக்கவிட்டு, வாயில் குழாயோடு சிரிக்க வைக்கத் தெரிந்தவள். அவளாகவே வந்து, "ஒன்னக் கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றபோது, "ஏன்?" என்று கேட்டான் தெல்லெய். அவள் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லுவாள். "நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னு சொன்னேன். அவ்ளோதான், பயந்துட்டான்."

அவர்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில், இப்படி நடப்பதுண்டு, காரணம் சொல்ல முடியாது என்றார்கள். காரணம் சொல்ல முடியாது என்பது தெல்லெயின் காதில், காரணம் இருக்கிறது, சொல்ல மாட்டோம் என்று விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் காவலாட்களுக்கெல்லாம் வகுப்பெடுக்க மரிசெல் வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. எதைக் கேட்டாலும் "இருக்கலாம்" என்பாள். அதனால் ஓபாக் அவளுக்கு 'இருக்கலாம் மேடம்' என்று பெயர் வைத்தான். அவள் ஏரித் தண்ணீரிலும் ஜெல்லிமீன் உடம்பிலும் சன்ஸ்கிரீன் மருந்தின் தடயம் அகப்பட்டதைச் சொன்னாள். ஆக்சிபென்சோன் என்று ஒரு பெயர் சொன்னாள். அது கலந்த தண்ணீரில் வளர்த்த சில ஆண் மீன்களின் ரத்தத்தில், பெண் மீன் முட்டைக்காகச் செய்கிற புரதம் வந்திருந்ததாம்.

"ஆம்பளை மீனுக்கா?" என்றான் ஓபாக். எல்லாரும் சிரித்தார்கள். தெல்லெய் சிரிக்கவில்லை.

"ஆனா அது ஆய்வுக்கூடத்துல. நம்ம கடல்ல இருக்கறத விட ரொம்பக் கூடுதல் அளவு" என்றாள் மரிசெல்.

"மனுஷனுக்கு?" என்றான் தெல்லெய்.

"தோல் வழியா ரத்தத்துக்குப் போகுது. சிறுநீர்ல வெளிய வருது. தாய்ப்பால்லகூடப் பாத்திருக்காங்க. ஹார்மோனக் குழப்புமான்னு கேட்டா... குழப்பலாம். இன்னும் உறுதியாத் தெரியல."

"குழப்பலாம்னா குழப்பும்னு அர்த்தமா?"

"குழப்பலாம்னுதான் அர்த்தம்."

"பிள்ளத்தாச்சிய?"

மரிசெல் அவனைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள். "அதையும் இன்னும் ஆராய்ஞ்சிட்டுத்தான் இருக்காங்க. எனக்குத் தெரியாததச் சொல்ல மாட்டேன்."

தெல்லெய் வீட்டுக்கு வந்ததும் எபிலின் பையைத் திறந்தான். வருஷக்கணக்காக அவள் காலையில் முகத்திலும் கழுத்திலும் கையிலும் காலிலும் அந்த மறைகிற களிம்பைத்தான் பூசினாள். ஈரத் தட்டைப் போல மின்னிக்கொண்டு படகேறுவாள். அதைப் பார்த்துத்தான் அவன் மயங்கினான். இப்போது அந்த மினுக்கம் அவனுக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஒன்று உள்ளே இறங்கிவிட்டதன் அடையாளமாக.

"சட்டம் வந்தப்பவே மாத்தியாச்சு. வெள்ளையா நிக்கிறதத்தான் பூசறேன்" என்றாள் எபில்.

"ஒன் மூஞ்சி வெள்ளையா இல்லியே."

"மொதலாளிக்குப் பிடிக்கல. பேய் மாதிரி இருக்கிற பொண்ணோட யாரு போட்டோ எடுத்துக்குவாங்கறாரு. அதான் கொஞ்சமா பூசறேன்."

"கொஞ்சமா எது?"

"தெல்லெய், நான் ஒன் துறையில எறங்கின டூரிஸ்ட் இல்ல."

மூன்றாவது பிள்ளை தங்கிற்று. எபில் தண்ணீர் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி அறையில் தொலைபேசிக்கு உட்கார்ந்தாள். வெயிலே படாத இடம். அப்படியும் அவன் நிம்மதியாக இல்லை. அவள் வேலையிலிருந்து வந்ததும் தோளருகே குனிந்து முகர்வான். அவள் தலையணையைப் புரட்டுவான். சோப்புக் கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். இந்தப் பிள்ளையும் போய்விடும் என்கிற பயம், அவனிடம் பயமாக வெளியே வரவில்லை. சந்தேகமாகத்தான் வந்தது. அவனுக்கு வேறு விதமாகப் பயப்படத் தெரியாது.

ஆறாம் மாதம் எபிலுக்குக் கால் வீங்கியது. துராங் தேங்காயெண்ணெயில் மஞ்சள் இழைத்து ஒரு பழைய சோயா சாஸ் சீசாவில் கொண்டுவந்தாள். தெல்லெய் அதை வாங்கி முகர்ந்தான்.

"இந்தச் சீசா எங்க கெடச்சுது?"

"என் அடுப்படியில."

"அதுக்கு முன்னாடி?"

"தம்பி, ஒன் பொண்டாட்டிக்கு வெஷம் வைக்கணும்னா நான் ஒன்னச் சமைக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள் துராங்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், துறையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும், தெல்லெய் தரையில் உட்கார்ந்து எபிலின் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வான். எண்ணெயை இடது புறங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால்வரை நீவி விடுவான். அந்த நேரத்தில் மட்டும் அவன் எதையும் கேட்பதில்லை. எபில் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல... ஆங், அங்கதான்" என்பாள். ஜன்னலுக்கு வெளியே சேப்பங்கிழங்குக் கொல்லையில் தவளைகள் ஆரம்பிக்கும்.

மழைக்காலத்தில் மரிசெல் ஒரு ஆராய்ச்சி தொடங்கினாள். வழிகாட்டிகள், படகோட்டிகள், அறைக்குள் வேலை செய்கிறவர்கள் என்று பலவகை ஆட்களிடம் சிறுநீர் வாங்கி, அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. விருப்பப்பட்டவர்கள் கொடுக்கலாம். தெல்லெய் எபிலைக் கொடுக்கச் சொன்னான்.

"எதுக்கு? நான்தான் பூசறதே இல்லயே" என்றாள்.

"பூசலன்னா கொடுக்கறதுல என்ன?"

"சரி. நீயும் குடு. என்னுது மட்டும் ஏன் போகணும்?" என்றாள் எபில்.

தெல்லெய் சந்தோஷமாகச் சம்மதித்தான். தன்னுடையது சுத்தமாக இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதி என்று நினைத்தான். அவன் பிறந்ததிலிருந்து உடம்பில் சன்ஸ்கிரீன் பூசினவன் இல்லை.

முடிவு வந்த அன்று இரண்டு பேரும் ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள். தனித்தனியாகச் சொல்கிறேன் என்றாள் மரிசெல். "எங்களுக்குள்ள என்ன ரகசியம்" என்றான் தெல்லெய். எபிலும் தலையாட்டினாள்.

"எபிலுக்கு ரொம்பக் கம்மி" என்றாள் மரிசெல். "கவலப்பட ஒண்ணும் இல்லேன்னுதான் நெனக்கிறேன். ஆனா அறையிலயே இருக்கிறவங்களுக்கு இருக்கறத விடக் கொஞ்சம் கூட. சுத்தமாப் பூசறதில்லயா?"

"இல்ல" என்றாள் எபில்.

தெல்லெய் நாற்காலியில் நிமிர்ந்தான். எத்தனையோ மாதமாகக் காத்திருந்த வார்த்தை கையில் கிடைத்துவிட்டது. அது கிடைத்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி கூட வந்தது. "நான் சொன்னேன்ல" என்றான். "சொன்னேன்ல. வயித்துல பிள்ளய வச்சுக்கிட்டு, மொதலாளிக்காக மூஞ்சியில பூசிக்கிட்டு, எங்கிட்ட வந்து..."

"தெல்லெய்" என்றாள் மரிசெல். "உங்களோடத இன்னும் சொல்லல."

"என்னுதுல என்ன இருக்கப் போகுது."

"நாங்க வாங்கினதுலயே உங்களோடதுதான் அதிகம். தண்ணியில இருக்கிற வழிகாட்டிங்களவிட அதிகம்."

குளிர்சாதனப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. எபில் ஏதாவது சொல்லியிருந்தால் தெல்லெய்க்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சீசா மாறியிருக்கும்" என்றான்.

"மாறல. ரெண்டு தடவ பாத்தோம்."

"அப்ப மெஷின் தப்பு."

"இது உடம்புல தங்கறதில்ல. நிறுத்தினா சில நாள்லயே கொறஞ்சிடும். இவ்வளவு இருக்குன்னா தினமும் எங்கிருந்தோ வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். எங்கேருந்துன்னு நீங்கதான் யோசிக்கணும்."

"இதனாலதான் எங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"தெரியாது" என்றாள் மரிசெல், மெதுவாக. "நெசமாவே தெரியாது. இதனாலன்னும் சொல்ல முடியாது, இதனால இல்லேன்னும் சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது தெல்லெய் வழி நெடுக ஆட்களைத் தேடினான். ஓபாக் தண்ணீர்க் குடுவையில் ஏதாவது கலந்திருப்பானா? கடையில் வாங்குகிற பென்டோ சோற்றுப் பெட்டியிலா? அக்காவின் எண்ணெயிலா? ஒவ்வொரு முகமாக மனசுக்குள் பையைத் திறந்து பார்த்தான். எல்லாப் பையும் காலியாக இருந்தது.

சாயங்காலம் வழக்கம் போல எண்ணெய்ச் சீசாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எபில் பாதத்தை நீட்டவில்லை. இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒன் கையக் காட்டு" என்றாள்.

காட்டினான்.

"அந்தப் பக்கம் இல்ல. திருப்பு."

திருப்பினான். இடது புறங்கை. அவள் அதைத் தொடாமல், குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"துறையில சந்தேகமான சீசாவ எப்படிப் பாப்ப? செஞ்சு காட்டு."

அவனுடைய வலது கட்டைவிரல் தானாகப் புறங்கைக்குப் போயிற்று. வட்டம் வட்டமாக ஒரு சுற்று, இரண்டு சுற்று. அப்படியே நின்றது.

எபில் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய் வெந்நீரில் சோப்புப் போட்டுத் தன் காலை முழங்கால்வரை கழுவினாள். அந்தத் தண்ணீர் சத்தத்தைத் தெல்லெய் தரையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய்ச் சீசா அவனுக்கு முன்னால் மஞ்சளாக நின்றது.

மறுநாள் முதல் படகிலேயே ஒரு பெண் பயணி பேரில்லாத வெள்ளைக் குழாயைக் கொடுத்தாள். தெல்லெய் மூடியைத் திறந்து புறங்கைக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே நிறுத்தினான். குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு நின்றது.

"என்ன மச்சான், மூக்கு அடச்சிருக்கா?" என்றான் ஓபாக்.

தெல்லெய் துறையின் ஓரத்துக்கு வந்து தண்ணீரைப் பார்த்தான். அவன் நிழல் விழுந்ததுமே அடியிலிருந்து அந்தச் சின்ன மீன்கள் ஏறி வந்தன. அவன் குந்துகிற இடத்துக்கு நேர்கீழே வாயைத் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தன. பயணிகள் பையிலிருந்து எடுத்துப் புறங்கையில் தேய்த்ததையெல்லாம் படகுக்குப் படகு அவன்தான் இத்தனை காலமும் இந்த வாய்களுக்குள் கரைத்திருக்கிறான். இவற்றில் ஆண் எது, பெண் எது? பார்த்தால் தெரியவில்லை.

"ஓபாக், படகுல வாளி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"குடுறா."

அந்த வாரக் கடைசியில் அவன் பெரிய தீவுக்குப் போய் ஓடைப் படுகையிலிருந்து வழவழப்பான ஒரு கறுப்புக் கல் எடுத்து வந்தான். எரிமலைக் காலத்துக் கல். ஒரு குச்சியின் நுனியில் களிம்பை எடுத்துக் கல்லில் தேய்த்தால், துத்தநாகம் சாம்பல் கோடாக நின்றது, மற்றது வெறும் ஈரமாக மினுங்கியது. தோலைவிடத் தெளிவாகவே தெரிந்தது. இது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கல்லை வாளித் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கடலில் ஊற்றாமல் ஊருக்குக் கொண்டுபோனான். கையுறையையும் உறை பிரித்துப் போட்டுக்கொண்டான்.

"பாறாங்கல்லுக்கு ஹார்மோன் கிடையாதுன்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று ஓபாக் கேட்டான். "எதுக்கும் இருக்கலாம் மேடத்தக் கேட்டுக்க."

மீன்கள் சில நாள் வந்து காத்திருந்தன. பிறகு வரவில்லை. தான் இல்லாத நேரத்தில் வேறு யாராவது வேறு துறையில் கை நனைக்கிறார்களோ என்று தெல்லெய் யோசித்தான். மரிசெல் மறுபடியும் சோதித்து, நன்றாகக் குறைந்துவிட்டது என்றாள். கூடியிருந்தபோது சீசா மாறிவிட்டது என்று சொன்னவன், குறைந்தபோதும் அதையே சொன்னான்.

வீட்டில் அவன் எபிலைத் தொடவில்லை. எபில் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கால் நீவுவதற்குத் துராங் வந்து போனாள். அந்த நேரத்தில் தெல்லெய் வெளியே குழாயடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போடுவான். நுரை அடங்கியதும் முகர்வான். மறுபடியும் போடுவான். ஒருநாள் எபில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தோலு வந்துடப் போகுது" என்றாள். அவ்வளவு நாளில் அவள் அவனிடம் தானாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

மாதம் நிறைந்து, ஒரு காலை வேளையில் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற தெல்லெய்க்கு அழுகைச் சத்தம் கேட்டது. அது தன் பிள்ளையின் அழுகைதானா, பக்கத்து அறையிலிருந்து வருகிறதா என்று செவிலியிடம் இரண்டு முறை கேட்டான். உள்ளே போய்ப் பார்த்தான். விரல்கள், காது, மூக்கு எல்லாம் இருந்தன. "நல்லா இருக்கு" என்றார் டாக்டர். தெல்லெய் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "தூக்குங்க" என்றாள் செவிலி. "அப்புறம்" என்றான்.

முதல் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர்ச் சடங்கு உண்டு. எபிலின் குலத்துப் பெண்கள் நாள் தவறாமல் தழை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை அவள்மேல் வீசி, மஞ்சளெண்ணெய் பூசி, வலி ஆற்றினார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. கடைசி நாள், ஆவியில் உட்கார வைத்து வெளியே கொண்டு வந்தார்கள். புல் பாவாடை கட்டி, தலையில் பூ வைத்து, தலை முதல் கால்வரை மஞ்சளில் குளித்த எபில், பாய் விரித்த வழியில் நடந்து வந்து எல்லாருக்கும் முன்னால் நின்றாள். வெயில் அவள் தோளில் வழுக்கிற்று. பழைய நாளில் படகேறும்போது அவள் மின்னியது தெல்லெய்க்கு ஞாபகம் வந்தது. அவன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பலாமரத்தடியில் நின்றான், கை பின்னால்.

துராங்கும் தெல்லெயின் குலத்துப் பெண்களும் அன்பளிப்புப் பணநோட்டுகளை ஆட்டியபடி எபிலைச் சுற்றி ஆடினார்கள். துராங் ஆடிக்கொண்டே தம்பியைப் பார்த்து, "அங்க என்ன மரத்துக்குக் காவலா? பலாக்காயில ஏதாவது கலந்திருக்கா?" என்று கத்தினாள். பெண்கள் சிரித்தார்கள்.

ஆட்டம் ஓய்ந்து, எல்லாரும் கிழங்கும் மீனும் வைத்த மேஜைக்குப் போனபின், எபில் பிள்ளையை வாங்கிக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்தாள்.

"வாங்கிக்க."

"கையக் கழுவிட்டு வர்றேன்."

"கழுவலயா?"

"கழுவினேன். இன்னொரு தடவ."

"தெல்லெய். கையக் குடு."

அவன் முன்னால் கொண்டுவந்தான். உள்ளங்கை மேலே. அவள் தன் மஞ்சள் விரல்களால் அதைப் பிடித்துத் திருப்பினாள். புறங்கையை வெயிலுக்கு நேராகத் தூக்கி, சாய்த்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகில் கொண்டுபோய் மெதுவாக முகர்ந்தாள். தெல்லெய், துறையில் பையைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிற பயணியைப் போல, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிள்ளை அவள் தோளில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"போகலாம்" என்றாள் எபில்.

அவள் பிடித்த இடத்தில் அவனுடைய கை மஞ்சளாகியிருந்தது. அந்த வாசனையில் வேறெந்த வாசனையும் தெரிந்திருக்க வழியில்லை. இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாளே என்று அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டினான்.